அம்மா சொன்ன சத்தம்

இன்று எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் யாரோ காரை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தார்கள். பழைய கிரீஸ் நாற்றம் மூக்கில் ஏறியதும், எப்போதோ இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் லிங்கராஜபுரம் வீட்டின் முற்றம் நினைவுக்கு வந்தது.

ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து திரும்பியதும், பள்ளி ஆசிரியரான அப்பா லுங்கிக்கு மாறி, துருப்பிடித்த போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தூக்கி நிறுத்திய காரின் முன்சக்கரத்தைக் கைகளால் மேலும் கீழும் ஆட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு மழைக்காலத்தில், கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இடதுபக்கம் ‘டக்’ என்றது. சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தது; அப்பா அதை மாற்றினார். சத்தம் போகவில்லை.

“இன்னும் என் காலுக்குக் கீழதாங்க கேக்குது. மெக்கானிக்கிட்ட காட்டிடலாம்,” என்றாள் அம்மா.

“புது புஷ்ஷு, செட்டாக வேணாமா? சும்மா பயப்படாத,” என்றார் அப்பா.

அடுத்த வாரம் ஹெப்பகோடியில் சித்தப்பா குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போகும் வழியில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட் கழன்று, இடது சக்கரம் மடங்கி, கார் தடுப்புச்சுவரில் மோதியது. பின்சீட்டிலிருந்த எனக்குக் கை முறிந்தது. அம்மா பிழைக்கவில்லை.

நசுங்கிய காரை இழுத்துவந்து முற்றத்தில் விட்டார்கள். இனி அது ஓடாது என்று எல்லாரும் சொல்லியும், அப்பா ஒரு புது பால் ஜாயிண்ட் வாங்கிவந்து, பகலெல்லாம் அடியில் படுத்து மாட்டினார். பிறகு அம்மா பக்கத்துக் கதவை நெம்பித் திறந்து உள்ளே ஏறினார்.

“இறங்குப்பா, சாப்பிடலாம்,” என்றேன்.

“நீ போம்மா.”

கால் வைக்க இடமில்லாமல் நசுங்கிக் கிடந்த அந்த இருக்கையில், முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்தே இருந்தார்.