கண்ணாடித் தகட்டைத் திருப்பிப் பார்த்த மரியமலர்

மரியமலரை அந்த இடத்துக்கு அனுப்பியது நிலவறையைக் கூட்டிப் பெருக்கத்தான்.

1986 ஐப்பசி மாதம். மேற்கு பெர்லினில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆனால் அரசாங்கம் கூப்பிட்டால் பொதுவேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். அவளுடைய புருஷன் கிறிஸ்தோப்பருக்குப் பூங்காவில் இலை வாரும் வேலை கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது நகரத்தின் வடபக்கத்தில், ஒரு பழைய வாசிகசாலைக் கட்டிடத்துக்குள் இருந்த சின்ன அரும்பொருளகம். கையில் ஒரு தும்புத்தடியைக் கொடுத்துக் கீழே இறக்கிவிட்டார்கள்.

மன்னாரில் அவள் நில அளவை அலுவலகத்தில் ஒன்பது வருஷம் படவரைஞராக இருந்தவள். வயல், குளம், வீதி, வேலி எதையும் கோடாக்கித் தாளில் இறக்கிவிடுவாள். கலவரத்துக்குப் பிறகு அந்த அலுவலகமும் இல்லை, அளக்கப் போகிற வழியும் இல்லை என்றான பிறகுதான் இருவரும் புறப்பட்டு வந்தார்கள். அகதிகள் விடுதியில் ஒரு அறை, வாரம் இரண்டு நாள் கோயில் மண்டபத்தில் ஜெர்மன் வகுப்பு, மற்றபடி அடுத்த Termin, அதாவது விசாரணைக்கு வரச்சொல்லும் நாள், எப்போது என்று தபால்பெட்டியைப் பார்ப்பது. ஒன்றரை வருஷம் இப்படிப் போயிருந்தது. ஒரு வேலை என்று வெளியே இறங்கியதே அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

நிலவறையில் ஒட்டடைக்கு நடுவே பதினான்கு மரப்பெட்டிகள் இருந்தன. பெட்டிகளுக்குள் கடதாசி சுற்றிய கண்ணாடித் தகடுகள், பழைய காலத்து நெகற்றிவ்கள். ஒன்றை எடுத்து யன்னலுக்கு நேரே பிடித்தாள். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறிக் கிடந்த ஒரு தெரு. உற்றுப் பார்த்தால் தலையில் கூடையோடு ஒரு பெண், மீசைவைத்த பொலிஸ்காரர், கயிற்றில் காயும் துணி. அன்றைக்குக் கூட்டின இடம் குறைவு.

பொறுப்பாளர் திருமதி ரைனிக்கே கோபிக்கவில்லை. அவருக்கே அந்தப் பெட்டிகளைப் பற்றிக் கவலை. அடுத்த வருஷம் நகரத்துக்கு எழுநூற்றைம்பது வயது, ஊரெல்லாம் கொண்டாட்டம். இந்தச் சின்ன இடமும் எதையாவது காட்டவேண்டும். 1900க்கும் 1912க்கும் இடையில் யாரோ பெயர் தெரியாத ஒருவர் எடுத்த முந்நூற்றுச் சொச்சம் படங்கள் இருக்கின்றன. ஆனால் எந்தப் படம் எந்தத் தெரு என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. அன்றிலிருந்து மரியமலரின் கையில் தும்புத்தடிக்குப் பதிலாகத் தகடுகளைத் துடைக்க மெல்லிய தூரிகை ஒன்று வந்து சேர்ந்தது.

தெருக்களின் பெயரைச் சொல்வதற்கு ஒருவர் ஏற்கெனவே அங்கே இருந்தார். வுட்கே. எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி. செவ்வாயும் வியாழனும் சரியாகப் பத்து மணிக்கு வந்து, தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தகடுகளிலிருந்து போட்ட படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெருப்பெயரைச் சொல்வார். திருமதி ரைனிக்கே எழுதிக்கொள்வார். மறுத்துப் பேச ஆளில்லை. அவர் பிறந்து வளர்ந்த நகரம். அதிலும் ஒரு படம் அவருக்கு உயிர். நீளமான தெரு, கடைசியில் மணிக்கூட்டுக் கோபுரம், வலப்பக்கமாக ஒரு வளைவு. அது, தான் பிறந்த தெரு, இடப்பக்கம் மூன்றாவது வீடு தன் வீடு என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார். கண்காட்சியில் அந்தப் படத்தைத்தான் வாசலில் பெரிதாக வைப்பதென்று முடிவாகியிருந்தது.

மரியமலர் அந்தப் படத்தை ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்று இடித்தது. கோபுரத்து மணிக்கூடு மூன்று நாற்பது காட்டியது. எண்கள் தெரியவில்லை, முட்கள் மட்டும் தெரிந்தன. ஆனால் தெருவில் பால்வண்டி நின்றது. கடைக்காரர் ஒருவர் கதவுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பின்னேரம் யார் கடை திறக்கிறார்கள்? பூதக்கண்ணாடியை வைத்து வாசலில் நின்ற நாலு ஆண்களைப் பார்த்தாள். நாலு பேருடைய கோட்டிலும் பொத்தான் பெண்களின் சட்டையில் இருப்பதுபோல மறுபக்கம் இருந்தது. நாலு பேரும் சுருட்டை இடக்கையில் பிடித்திருந்தார்கள்.

தகட்டை எடுத்துத் திருப்பிப் பிடித்தாள். மணிக்கூடு எட்டு இருபது ஆனது. கண்ணாடியை யாரோ மறுபக்கமாக வைத்துப் படம் போட்டிருக்கிறார்கள்; இடம் வலமாகி, வலம் இடமாகியிருக்கிறது.

அந்த வியாழக்கிழமை இதை வுட்கேயிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கடைசியில் தகட்டையே அவர் முன்னால் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். அவர் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நேற்று வந்த ஒரு பெண் தனக்குத் தன் தெருவைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று திருமதி ரைனிக்கேயிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். அடுத்த செவ்வாயும் வரவில்லை, வியாழனும் வரவில்லை.

விடுதியில் அவள் இதைச் சொல்லிச் சொல்லி மறுக, கிறிஸ்தோப்பர் சோற்றைக் கிளறியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கட வழக்கே எந்தப் பக்கம் திரும்புமெண்டு தெரியேல்லை. நீர் கண்ணாடியத் திருப்பிக்கொண்டு நிக்கிறீர்," என்றார்.

"பிழையெண்டு தெரிஞ்சபிறகு பேசாமல் இருக்க ஏலாது," என்றாள் அவள். "ஆனா அவற்ற தெருவைப் பறிச்சால், சரியான தெருவை நான்தானே கண்டுபிடிச்சுக் குடுக்கோணும்."

அதையே வேலையாக எடுத்துக்கொண்டாள். காலை எட்டு இருபதுக்கு வெயில் கிழக்கிலிருந்து வரும். திருப்பிப் போட்ட படத்தில் நிழல் வலப்பக்கம் விழுகிறது. அப்படியானால் படம் எடுத்தவர் தெற்கே பார்த்து நின்றிருக்கிறார். தெற்கு வடக்காக ஓடும் தெரு, தென்கோடியில் கோபுரம், இடப்பக்கம் வளைவு. 1910ஆம் வருஷத்து நகரப் படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, பொருந்தும் தெருக்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள். மூன்று தெருக்கள் தேறின. இரண்டை நடந்தே போய்ப் பார்த்தாள். குளிரில் கிறிஸ்தோப்பரும் முணுமுணுத்தபடி கூட வந்தார். இரண்டாம் தெருவில் அவர்தான் முதலில் ஓடிப்போய் மூலை திரும்பிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கையை ஆட்டினார். மூன்றாவது தெரு, நகரத்தை இரண்டாகப் பிரித்த மதிலுக்கு அந்தப் பக்கம், கிழக்கு பெர்லினில் இருந்தது.

மேற்குப் பக்கத்தில் மதிலை எட்டிப் பார்ப்பதற்கென்று ஆங்காங்கே மரமேடைகள் கட்டியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை அவள் ஏறிப் பார்த்தாள். காவல் பாதை, கம்பிவேலி, அதற்கப்பால் ஒரு தெரு. தெருவின் கடைசியில், நுனி உடைந்து, ஆனால் அதே கோபுரம்.

திருமதி ரைனிக்கேயிடம் வுட்கேயின் முகவரியை வாங்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனாள். அவர் கதவை அரைவாசி திறந்து அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, மதிலைப் பார்க்கும் அந்த மேடைகளில் இருபத்தைந்து வருஷமாகத் தான் கால் வைத்ததில்லை, இனியும் வைக்கப்போவதில்லை என்றார். சரியாகத் திருப்பிப் போட்ட புதுப் படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, நாளைக்குப் பதினொரு மணிக்கு மேடையடியில் நிற்பேன் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அவர் வந்தார். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே நின்று படத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீர் வழிய, மரியமலர் பயந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பிறந்த தெரு இல்லை இது. பதினொரு வருஷம்," என்றார் மூச்சு வாங்க. "பதினொரு வருஷம் இந்த வளைவில் நான்தான் ட்ராம் ஓட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கடப்பேன். வளைவை மாற்றிப் போட்டதும் எனக்கே தெரியாமல் போய்விட்டதே."

இறங்கும்போது அவர் நிறையப் பேசினார். வளைவுக்கு முன்னால் ஒரு வெதுப்பகம் இருந்தது, அங்கே ஒரு பெண் யன்னலிலிருந்து கையசைப்பாள், அவளைத்தான் பிறகு கல்யாணம் செய்தேன் என்றார். அது அவர் இதுவரை யாருக்கும் சொல்லாத கதை என்று திருமதி ரைனிக்கே பின்னால் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து வுட்கே கிழக்கு பெர்லினுக்கு ஒரு நாளைக்கான விசா எடுத்தார். அந்தப் பக்கம் போய் அதே இடத்தில் நின்று அதே படத்தை எடுத்து வருவதென்று முடிவு. மரியமலருக்கு எல்லை தாண்ட அனுமதியில்லை. அதனால் அவருக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தாள். எந்த மூலையிலிருந்து இருபத்தாறு காலடி, எந்தப் பக்க நடைபாதை, கமெராவை எவ்வளவு உயரத்தில் பிடிக்கவேண்டும் எல்லாம் அதில் இருந்தது. அவர் எட்டு இருபதுக்கே நிற்கவேண்டும் என்று விடியற்காலையிலேயே எல்லைக்குப் போய் வரிசையில் நின்றாராம்.

கோடையில் கண்காட்சி திறந்தது. வாசலில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில்: 1907இன் பால்வண்டியும் சுருட்டுக்காரர்களும், 1987இன் வெறுந்தெருவும் ஒரு நாயும். நடுவில் மரியமலரின் வரைபடம். உள்ளே மற்றவை: ராசாவின் பிறந்தநாளுக்குக் கொடி கட்டிய வீதி, ஐஸ்கட்டி சுமக்கும் ஆட்கள், சந்தையில் விலை பேசிச் சண்டை பிடிக்கும் பெண்கள், தேர்தல் சுவரொட்டியை வாசிக்கும் கூட்டம். அவள் கண்டுபிடித்த தெருக்களுக்குக் கீழே அவள் பெயரும் இருந்தது, எழுத்துப்பிழை இல்லாமல். வுட்கே நின்று சரிபார்த்துப் போட்டது.

வந்தவர்களில் ஒருவர் நில அளவையாளர். வாசலில் இருந்த வரைபடத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, இதை வரைந்தது யார் என்று விசாரித்தார். அவளைக் காட்டினார்கள். அவர் தன் அட்டையைக் கொடுத்து, அனுமதி கிடைக்கிற நாளில் என்னை வந்து பாருங்கள் என்றார். அனுமதி கிடைக்க 1989 சித்திரை வரை ஆனது. கடிதம் வந்த அன்றே அவள் போனாள். அட்டையைப் பார்த்து அவர் எழுந்து, யன்னலோர மேசையைக் காட்டினார். மேசையில் தாளும் பேனாவும் தயாராக இருந்தன. இரண்டாம் நாள் ஒரு காணியின் மூலையில் அரை மீற்றர் பிழை கண்டுபிடித்தாள்.

வேலை கிடைத்துவிட்டதால் செவ்வாய், வியாழன் வர முடியவில்லை. அதில் வுட்கேக்குக் குறை. கிறிஸ்தோப்பர்தான் சமரசம் பேசி, சனிக்கிழமை என்று முடிவாக்கினார். இன்னும் ஏழு படங்களுக்குத் தெரு தெரியாது. சனிதோறும் மூவரும் குடையும் தேநீர்ப் போத்தலுமாகப் புறப்படுவார்கள். வளைவுகளைப் பற்றிக் கிழவரும் நிழல்களைப் பற்றி மரியமலரும் விட்டுக்கொடுக்காமல் வாதாடிக்கொண்டு முன்னே போக, கிறிஸ்தோப்பர் பின்னால் போத்தலைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.