சாருலதா போகச் சொன்ன ஆஸ்பத்திரி

மும்பை மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த சாருலதா, செம்பூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பதினேழு வருஷமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: இலவசம் என்கிற பிரசவத்துக்கு ஓர் ஏழைக் குடும்பம் உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது? தாராவியில் வீடு வீடாக ஏறி இறங்கி, ஆட்டோ, ஸ்கேன், வெளியே வாங்கிய மருந்து, புருஷன் இழந்த கூலி என்று எல்லாம் கேட்டு எழுதுவாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைவிடப் பக்கத்திலிருக்கும் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு முதலில் போவதே குடும்பத்துக்கு நல்லது என்று அவள் எழுதிய கட்டுரையை, டெல்லிக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

போன ஜூலையில் தாராவியின் லேபர் கேம்ப் பகுதியில் மாரிசெல்வி என்ற எட்டு மாதக் கர்ப்பிணியிடம் மூன்றாவது முறையாகப் பேசப் போனாள். கதவைத் திறந்தவளின் முகமே வீங்கியிருந்தது.

"தலவலி தாங்க முடியலக்கா. கண்ணு வேற மங்கலாத் தெரியுது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"திங்கக்கெழம வரச் சொல்லிருக்காவ."

சாருலதா ஃபைலை மூடினாள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, திங்கள்வரை தாங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. பை தைக்கும் பட்டறையிலிருந்து மாரிசெல்வியின் கணவன் நாகராஜை வரவழைத்தாள். மூவரும் டாக்ஸியில் ஏறினார்கள். நல்ல மழை, ரோடெல்லாம் வண்டி.

"எங்கக்கா போகணும்?" என்றான் நாகராஜ்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரமாகும். பிரசவ ஆஸ்பத்திரி பத்தே நிமிஷம்.

"பக்கத்துக்கே போகலாம்."

அங்கே ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்திருக்கவில்லை. இதோ வந்துவிடுவார் என்று உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் மாரிசெல்விக்கு வலிப்பு வந்தது. அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸ், பெரிய ஆஸ்பத்திரி, ஆபரேஷன் எல்லாம். ஆண் குழந்தை பிழைத்தது. மாரிசெல்வி மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

ஆபீஸில் தலைவர் வேங்கடசுப்ரமணியன் சாருலதாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். "உன் தப்பு இல்லே, சாரு. நம்ம ஆய்வுலே நானூறு பேர்லே ஒரு கேஸ். சராசரி மாறாது."

"மாறலை சார். நானும் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

பிரசவம் ஆகி ஆறு வாரத்தில் அந்தந்த வீட்டுக்கு மறுபடி போய்க் கேள்வி கேட்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. வேறு யாரையாவது அனுப்புகிறோம் என்றார்கள். அவளே போனாள். நாகராஜ் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். கடைசியில், கோபமே இல்லாமல் கேட்டான்.

"நீங்க இதத்தானக்கா படிச்சிருக்கிய. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

அந்த மழையில் போய்ச் சேர்ந்திருப்பார்களா, அங்கே கட்டில் கிடைத்திருக்குமா, அவளால் சொல்ல முடியவில்லை. கையிலிருந்த நானூறு குடும்பங்களின் கணக்கில் அது இல்லை.

"தெரியலப்பா."

அவன் தலையாட்டிவிட்டு, அவளுக்கு டீ வாங்கிவர எழுந்தான். அவன் கொண்டுவந்த டீயை அவள் கடைசிவரை குடித்தாள்.

குழந்தையை மான்குர்தில் நாகராஜின் அக்கா சண்முகவடிவு வளர்க்கிறாள். சாருலதா பால் பவுடரும் துணியும் வாங்கிக்கொண்டு இரண்டு முறை போனாள். இரண்டாம் முறை சண்முகவடிவு வாசல்வரை கூடவே வந்தாள்.

"தப்பா நெனைக்காதீய. நீங்க வந்தியன்னு கேட்டாலே தம்பி ரெண்டு நாளு சாப்பிட மாட்டேங்கான்."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். அதற்கப்புறம் அவள் மான்குர்த் பக்கம் போகவில்லை.