மாரிக்கண்ணுவும் வேனின் இரண்டு பாட்டரிகளும்

பூமிநாதன் மாரிக்கண்ணுவை முதன்முதலில் பார்த்தது 1976 ஐப்பசியில், மழைக்காற்றில் காரைக்கால் முழுக்கக் கரண்டு போயிருந்த ஒரு நாள் காலை. குரும்பகரத்தில் நாற்று நடும் குடும்பத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன், இயற்பியல். மின்சார அலுவலகத்தில் எழுத்தராகி நாற்பது நாள் ஆகியிருந்தது. காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற, ஊரார் மரியாதையாக 'முசியே' என்று அழைக்கும் ரோழே அவன் மேசை முன் வந்து நின்றார்.

"கரண்டு எப்ப வரும் தம்பி?"

"கம்பம் பதினாலு சாஞ்சு கெடக்குங்க. நாளன்னிக்குத்தான்."

அவர் விஷயத்தைச் சொன்னார். மகள் ழானெத்துக்குப் பத்தொன்பது வயது. இளம்பிள்ளை வாதம் அவள் நெஞ்சையும் பாதித்திருந்தது. விழித்திருந்தால் தானாக மூச்சு விடுவாள். தூங்கினால் ஒரு சிறு இயந்திரம் காற்றை ஊத வேண்டும். சொந்த ஊர்க் கடலைக் காட்ட, படுக்கையும் அடுப்பும் உள்ள வேனில் பிரான்சிலிருந்து தரைவழியாகவே கூட்டிவந்திருந்தார். வேனில் இரண்டு பாட்டரி: எஞ்சினைக் கிளப்ப ஒன்று, விளக்குக்கும் இயந்திரத்துக்கும் ஒன்று. விடியும்போது இரண்டுமே இறங்கிவிட்டன. அதிலிருந்து ழானெத் கண்ணை மூடப் பயந்து உட்கார்ந்திருந்தாள்.

"தருமபுரத்துல மாரிக்கண்ணுகிட்ட போங்க" என்றார் பியூன். பூமிநாதனும் அலுவலக மீட்டரை எடுத்துக்கொண்டு ரோழேயோடு போனான்.

மைக்செட் வைத்திருந்த கணவன் காய்ச்சலில் போன பிறகு, அவன் விட்டுப்போன பாட்டரி சார்ஜரைக் கொண்டு சிறு கடை வைத்துப் பிழைத்தவள் மாரிக்கண்ணு. முப்பது வயது. மூன்றாம் வகுப்பு. சேலையெல்லாம் ஆசிட் தெறித்த பொத்தல்.

காரைக்கால்மேட்டில் நின்ற வேனைத் திறந்ததுமே, இரண்டு பாட்டரியையும் இணைத்திருந்த தடித்த வயரைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்னாங்க முசியே?"

"சேத்துக் கட்டினா கூடத் தாங்குமேன்னு..."

"எஞ்சின் ஓடுனா சேக்கணும், நின்னா பிரிக்கணும். கட்டியே விட்டுட்டீங்க. கிளப்புறவன் சோத்தையும் சேத்து வீட்டுல இருக்கறவன் தின்னுட்டான்."

கடைச் சார்ஜருக்கும் கரண்டு இல்லை. கிளப்புகிற பாட்டரியைச் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு விசைப்படகுக்கு நடந்தாள். படகுக்காரர் சுப்பையன் சிரித்தார்.

"என்னா மாரிக்கண்ணு, ஏலத்துக்குக் கொண்டாந்தியா?"

"ஒங்க மீனுக்கு இதே தேவலாம். எஞ்சினைப் போடுங்கண்ணே, ஒரு பொண்ணு தூங்கணும்."

சுப்பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு எஞ்சினைப் போட்டார். படகு டைனமோவில் ஒரு மணி நேரம். அதற்குமேல் அவள் வைக்கவில்லை. கிளப்ப அது போதும் என்றாள். பாட்டரியைத் திரும்ப வேனில் வைத்ததும், சாவியின் இரண்டாவது திருப்பிலேயே வேன் கிளம்பியது. பிறகுதான் இரண்டையும் சேர்க்கும் வயரை மாட்டினாள். ரோழே ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தார்.

"காலை எடுங்க. பட்டினி கெடந்த வயிறு, மெதுவாத்தான் ஊட்டணும்."

சுப்பையனிடம் வலையில் கட்டும் ஈயக் குண்டு ஒரு பை வாங்கி மிதியின்மேல் வைத்தாள். சத்தம் கூடியது, இரண்டு குண்டை எடுத்தாள். தணிந்தது, ஒன்றைத் திரும்பப் போட்டாள். அப்படியே நான்கு மணி நேரம். பாட்டரியின் வயிற்றில் மணிக்கட்டை வைத்துச் சூடு பார்த்தாள். மூடியைக் கழற்றி ஒவ்வொரு குழியாகக் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஆறு குழியும் அவளிடம் ஏதோ சொல்வது போலப் பூமிநாதனுக்குத் தோன்றியது. மூன்று வருடம் படித்த பாடம் ஒரு பொம்பளையின் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னையும் சார்ஜ் போடுவீங்களாக்கா?" என்றாள் ழானெத், இமை செருக.

"நீ எங்க எறங்குன? இன்னும் செத்த நேரம் பேசிக்கிட்டே இரு."

வெயில் சாயும்போது எஞ்சினை நிறுத்தி, வயரைப் பிரித்தாள். "பன்னெண்டரை வோல்ட்டு இருக்கும்" என்றாள். அலுவலகத்திலிருந்து மீட்டர் கொண்டுவந்திருந்த பூமிநாதன் அதன் கம்பிகளைப் பாட்டரியில் வைத்தான். பன்னிரண்டரை. மறுபடி வைத்துப் பார்த்தான். பன்னிரண்டரைதான்.

இயந்திரம் ஊத ஆரம்பித்தது. ஏதோ சொல்ல வந்த ழானெத் பாதியிலேயே தூங்கிப்போனாள். ரோழே அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாரிக்கண்ணு அந்த வயரை வண்டிச் சாவியோடு சேர்த்துக் கட்டினாள். எஞ்சினை நிறுத்தினால், வயரைக் கழற்றாமல் இனி யாரும் சாவியை எடுத்துப் போக முடியாது.

தை மாதம் வேன் வந்த வழியே திரும்பிப் போனது. ழானெத் பிரான்சில் இருக்கிறாள். இது 1988. மாரிக்கண்ணு தருமபுரத்தில் அதே கடையில் லாரிக்கும் படகுக்கும் பாட்டரி சார்ஜ் போடுகிறாள்.