பில் கேட்ட அண்ணன்

பாரிசிலிருந்து வந்த என் பெரியப்பா மகன் எதை வாங்கினாலும் பில் கேட்பான். எங்கள் ஊர் வரிச்சிக்குடிப் பெட்டிக்கடையில் இரண்டு கடலை மிட்டாய் வாங்கிவிட்டுக்கூடக் கையை நீட்டி நின்றான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுத் தாளைக் கிழித்துக் 'கடலை மிட்டாய் இரண்டு' என்று எழுதிக் கொடுத்தார்.

"பத்திரமா வச்சுக்குங்க தம்பி, வழியில யாராச்சும் புடிச்சுக்கப் போறாங்க."

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்காமல் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

பெரியம்மா வீட்டாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் பெரியப்பா அந்த நாட்டுக்குப் போனவர். இருபது வருடமாக அங்கே அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. அவருக்கும் வயல் வேலை செய்த என் அப்பாவுக்கும் கையெழுத்துக்கு மேல் எழுத்து தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அண்ணன் படித்தது பிரெஞ்சில். அது கணக்கில் சேராது என்பது என் கட்சி. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பேருந்துப் பலகை, மருந்துப் புட்டி, எது கண்ணில் பட்டாலும் உரக்க வாசிப்பேன்.

பெரியப்பாவும் அண்ணனும் விடுமுறைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, போலீஸ் துரத்திய ஒரு கறுப்பினப் பையன் இறந்துபோக, அவர்கள் வசித்த புறநகரில் பெரிய கலவரம் நடந்திருந்தது. பெரியப்பாவின் காரும் எரிந்துபோயிருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் தினமும் அந்தப் பேச்சுதான்.

"ஒழுங்கா இருந்தா போலீஸ் எதுக்குடா துரத்தப்போவுது? இருவது வருசமா இருக்கேன். என்னை ஒருத்தன் தொட்டதில்ல."

அப்பா மெதுவாகச் சொன்னார். "சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு நாங்களும் ரோட்டுல உக்காந்தோம்ண்ணே. பஸ்ஸு கண்ணாடி ஒடஞ்சுச்சு. ஒடச்சது நான் இல்ல. ஆனா உக்காந்தவன் எல்லாரையுந்தான் ரவுடின்னாங்க."

"அவனுங்களும் நாமளும் ஒண்ணா?"

எங்களைவிடக் கறுப்பான அண்ணன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, ஆணியில் தொங்கிய அவன் பையிலிருந்து பில் கட்டை எடுத்து வந்தேன். கூடத்து நடுவில் நின்று ஒவ்வொன்றாக வாசித்தேன். சீப்பு ஒன்று. சோடா ஒன்று. கடலை மிட்டாய் இரண்டு. பெரியப்பாவே கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அடியில் நாலாக மடித்த வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. முழுக்கப் பிரெஞ்சு. அண்ணன் எழுந்து வருவதற்குள், மேலே பெரிய எழுத்தில் இருந்த, எனக்குத் தெரிந்த ஒரே சொல்லை எழுத்துக் கூட்டி வெற்றியோடு படித்தேன்.

"போலீஸ்."

பெரியப்பா எச்சில் கையோடு எழுந்து அவனை அறைந்தார்.

"அது நான் குடுத்த கம்ப்ளெயிண்ட் பப்பா. அவங்கதான் என்னை அடிச்சாங்க. கடையிலேர்ந்து வந்தேன், திருடினியான்னு..."

"சும்மா எவன் அடிப்பான்? நீ என்ன பண்ணுன, அதைச் சொல்லு."

தாளை வாங்கிப் படித்துப் பார்க்கப் பெரியப்பாவால் முடியாது. படித்த அண்ணன் திருட்டுப் பட்டம் சுமந்து நின்றான்; படித்துவிட்டதாக நினைத்த நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பெரியப்பா கசக்கி எறிந்த தாளை, எழுத்துள்ள எதையும் எறியக்கூடாது என்று, நீவி என் புத்தகத்துக்குள் வைத்தேன். ஊருக்குப் போகும்வரை அண்ணன் அதைத் தேடவில்லை. பெட்டிக்கடைக்கும் வரவில்லை. அதன்பிறகு அவன் இங்கே வந்ததேயில்லை.

கல்லூரியில் பிரெஞ்சு எடுத்துப் படித்த இரண்டாம் வருடம் அந்தத் தாளை வெளியே எடுத்தேன். புகாரின் நகல். புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர், வயது பதினாறு. வாங்கிய பொருளுக்கு ரசீது கையில் இல்லாததால் அடிக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தான். முதல் வரியில், பெற்றோர் யாரும் இல்லாமல் அவன் தனியாகப் புகார் கொடுக்க வந்ததாகக் குறித்திருந்தார்கள்.

பெரியப்பா இப்போதும் தொலைபேசியில் கூப்பிடுகிறார். "நம்ம வீட்டுல நீ ஒருத்திதாம்மா ஒழுங்கா படிச்ச," என்பார். அந்தத் தாளை அவருக்கு நான் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.