மரவேலி போட்ட ஊர்

கல்யாணமாகி நெல்லித்தோப்பில் ஒரு மாடிப்போர்ஷனுக்குக் குடிவந்தபோது எங்களிடம் ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, உதிரிபாகம் வாங்கி நானே பூட்டிய ஒரு கம்ப்யூட்டர், இவ்வளவுதான் இருந்தன. நான் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அவள் பாகூர் பக்கம் ஒரு கிராமத்தில் நெல் பயிரிடும் வீட்டிலிருந்து வந்தவள். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. எனக்குப் பேசத் தெரியவில்லை, அவளுக்குக் கூச்சம்.

"இன்னும் கொஞ்சம் போடவா?"

"போதும்."

ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு.

கடையிலிருந்து வந்ததும் நான் கம்ப்யூட்டர் முன்னால் கேம் ஆட உட்கார்ந்துவிடுவேன். பழைய காலத்துப் படையெடுப்பு விளையாட்டு அது. ஒரு கூட்டத்துக்குத் தலைவனாக இருந்து ஊர்களைக் கட்டி, படை சேர்த்து, அடுத்தவன் ஊரைப் பிடிக்க வேண்டும். நான் எடுத்திருந்தது ஒரு வடக்கத்தி வெள்ளைக்காரக் கூட்டம். பெரிய சாம்ராஜ்யத்துக்காரர்கள் அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்பார்கள். கல்கோட்டை கிடையாது, மரவேலிதான். கல் பாவிய ரோடு கிடையாது, மண்பாதைதான். ஆனால் கோடாலியைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடிவருவார்கள். அதற்காகவே அவர்களை எடுத்தேன். ஊரை யார் கவனித்தது?

ஒரு சாயங்காலம் டீ டம்ளரை வைக்க வந்தவள் அப்படியே நின்றாள்.

"அந்த ஊரு மேல ஏன் செவப்பா ஒரு மூஞ்சி இருக்கு?"

"சனங்க கோவமா இருக்காங்க."

"ஏன்?"

"வரி ஜாஸ்தி. நானும் அவங்களுக்கு ஒண்ணும் கட்டித் தரல."

"சோத்துக்கு என்ன பண்றாங்க?"

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த விளையாட்டை மூன்று வருஷமாக ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கட்டடங்களின் பெயரை நான் படித்துச் சொல்ல, அவள் யோசித்துச் சொன்னாள். முதலில் காட்டை வெட்டி நிலமாக்க வேண்டும். பிறகு பாதை. பிறகு சந்தை. கொல்லன் பட்டறை இப்போதைக்கு வேண்டாம். அந்த விளையாட்டில் ஒரு படை சேர்த்தால் அந்த ஊரின் சனத்தொகை அந்த அளவுக்குக் குறையும். அதைச் சொன்னதும் பதறிவிட்டாள்.

"பயிரு வக்கிறவனெல்லாம் சண்டைக்குப் போயிட்டா நடவு யாரு நடுவாங்க?"

அன்றிலிருந்து ஊர் அவளுக்கு, சண்டை எனக்கு. ஆற்றோரத்தில் இருந்த ஒரு ஊர் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இருபது இருபத்தைந்து நாளில் அங்கே சிவப்பு மூஞ்சி பச்சையானது. நான் கடையில் இருக்கும்போதே அடுத்து என்ன கட்டலாம் என்று யோசித்துவைத்திருப்பாள். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவாள்.

ஒருநாள் அந்த ஊரில் கட்டுவதற்கு எதுவும் மீதி இல்லை. பட்டியல் காலி.

"இதுக்கு மேல ஏன் கட்ட முடியல?"

"காட்டுமிராண்டிங்களாம். இவங்களுக்கு இவ்ளோதான் தெரியுமாம்."

"பயிரு வக்கிறான், சந்தை போடறான், சாமி கும்புடறான். அவனப் போயி காட்டுமிராண்டின்னு யாரு சொன்னது?"

"கேம் செஞ்சவன்."

"அவன் வந்து பாத்தானாமா?"

நான் சத்தமாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கீழ்வீட்டு அம்மா வாசலில் நின்று மாடியை அண்ணாந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

அதற்கடுத்த மாதம் தன் ஊரில் கோயில் திருவிழா என்று அவள் பத்து நாளைக்குப் போனாள். சாயங்காலமானால் அவள் வீட்டு லேண்ட்லைனுக்கு நான் போன் போடுவேன். பக்கத்தில் அவளுடைய அம்மா, தம்பி எல்லோரும் இருப்பார்கள் போல. மெதுவான குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"ஊரு எப்டி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"ம். வச்சுடறேன்."

ஊர் நல்லா இல்லை. அவள் போன மறுநாளே தெற்கே ஒரு கல்கோட்டையைப் பிடிக்கும் ஆசையில், ஆற்றோர ஊரின் காவல் ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். செலவுக்கு வரியையும் ஏற்றினேன். மூன்றாவது நாள் ஊர் கலகக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. கோட்டையும் கிடைக்கவில்லை. மிச்ச ஏழு நாளும் அவளிடம் நல்லா இருக்கு என்றே சொல்லிவந்தேன்.

திரும்பி வந்தவள் பையை வைத்துவிட்டு நேரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஊர் மேல் வேறு கொடி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னிக்குப் போச்சு?"

"நீ போன மூணாம் நாளு."

"தெனமும் கேட்டேனே."

"மனசு கஷ்டப்படுவன்னுதான் சொல்லல. உன் ஊரு ஆச்சே."

அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"ஊரு எப்டி இருக்குன்னு கேட்டா, ஊரையா கேட்டேன்? எங்கம்மா பக்கத்துல நிக்கும்போது, நீங்க எப்டி இருக்கீங்கன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு."

அந்தப் பத்து நாளும் நான் ஓட்டலில் சாப்பிட்டு வயிறு கெட்டு, தனியாகக் கிடந்தேன். ஒருநாள்கூட அதை அவளிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன். வீடு காலியாகக் கிடந்ததையும் சொன்னேன்.

ஊரை மீட்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. மரவேலியை உடைத்துக்கொண்டு நுழையலாம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. வேலியை உடைக்காமல், படையைச் சுற்றி நிறுத்திக் காத்திருந்தோம். உள்ளே இருந்தவர்கள் தானியம் தீர்ந்து, கடைசியில் வெளியே வந்துதான் மோதினார்கள். ஊருக்குள் போனதும், கொள்ளையடிப்பதா வேண்டாமா என்று திரை கேட்டது. அதை நான் படித்துச் சொன்னதும் அவளே மவுஸை வாங்கி, வேண்டாம் என்ற பக்கம் அமுக்கினாள். வரியைக் குறைத்தாள்.

அப்புறம் திரையைப் பார்த்தபடியே, இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தனக்கு எப்படி இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். மத்தியானம் முழுக்கப் பேச ஆளில்லாமல் குழாயடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது, நான் பேசாததால் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தது, எல்லாம். நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். இருட்டிவிட்டது. சமைக்கவே இல்லை.

"இட்லி வாங்கியாரேன்," என்று எழுந்தேன்.

"நானும் வரேன், இருங்க."

புடவையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். இட்லிக்கடை தெருமுனையில்தான் இருந்தது. நாங்கள் அதைத் தாண்டி வெகுதூரம் நடந்துபோனோம், பேசிக்கொண்டே.