கீறாத எலுமிச்சை

இந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பமாக விமர்சகர்கள் எதைச் சொல்வார்கள் என்று ஆபீசில் ஒரு வாரமாகச் சண்டை. எல்லோரும் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். இன்று யாரோ எலுமிச்சை டீயோடு வந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதுமே நான் நினைவில் மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறிவிட்டேன்.

என் சின்ன வயதில் கொல்லிமலை பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் டேப் ரெக்கார்டர் இருக்கும். டீசலும் அரிசி மூட்டையும் கலந்த வாடையில், வளைவுக்கு வளைவு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி, வாந்தி வராமலிருக்க ஆளுக்கொரு எலுமிச்சையை நகத்தால் கீறி மோந்துகொண்டே, எந்தப் படத்துப் பாட்டு ஒசத்தி என்று மொத்த பஸ்ஸும் வழக்காடும். "ஏனுங்க, கேசட்டை மாத்துங்க, கொமட்டுது" என்று அம்மா சொல்லிவிட்டால் அந்தப் படம் தோற்றது. "நல்ல பாட்டுங்க அம்மிணி" என்று டிரைவர் கெஞ்சினாலும் அப்பீல் கிடையாது.

ஒரே ஒரு கேசட் மட்டும் மலை உச்சிவரை ஓடியது. இறங்கும்போதுதான் அம்மா உள்ளங்கையைப் பார்த்தாள். பழத்தில் ஒரு நகக்குறிகூட இல்லை.

இப்போது அந்த பஸ்ஸில் டேப் இல்லை, ஆளுக்கொரு இயர்போன். இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை என் ஆல்பத்தை போனில் ஏற்றிக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு மலையேறப்போகிறேன். போனில் சொன்னதும், "வாரேன். பழம் நாலஞ்சா வாங்கிக்க கண்ணு, இப்பத்த பாட்டுக்கு ஒன்னு பத்தாது" என்றாள்.

நான் ஒன்றுதான் வாங்கியிருக்கிறேன்.