பால் தொடாத கௌரி

திங்கட்கிழமை காலை ராசேஸ்வரி அக்கா தொலைபேசியில் அழைத்தார். அவர் சிவகௌரியின் கணவருக்குத் தமக்கை. வெள்ளவத்தையில் கௌரியோடு ஒரே வீட்டில் கடைசிவரை இருந்தவர். விடியற்காலையில் கௌரி போய்விட்டார், நோவு தெரியாமல் போனார் என்றார். நான் ஆறுதலாக எதையோ சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார்.

"தம்பி, பால் பருக்க நான் விடேல்லை. எல்லாரும் கேட்டவை. தண்ணிதான் விட்டனாங்கள்."

உயிர் பிரியும் நேரத்தில் உறவினர் ஆளுக்கொரு கரண்டி பால் வாயில் விடுவது எங்கள் வழக்கம். வந்திருந்த உறவுகளின் முன்னால் அதைத் தடுத்து நிறுத்த ஒருவருக்குத் துணிவு வேண்டும். கௌரியோடு ஒரே செய்தி அறையில் இருந்தவர்களுக்கு அக்கா ஏன் அப்படிச் செய்தார் என்பது உடனே விளங்கும். பின்னால் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

போர் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கௌரி எங்கள் பத்திரிகைக்கு உதவி ஆசிரியராக வந்தார். யாழ்ப்பாணத்தவர், பிறந்ததிலிருந்து சைவச் சாப்பாடு. நான் வெளியே திரிந்து கொண்டுவரும் செய்திகள் அவருடைய மேசைக்குத்தான் போகும். "அண்ணை, இந்த ஆள் இதைத் தன்ர கண்ணால கண்டவரோ, அடுத்த வீட்டில கேட்டவரோ?" என்பார். எனக்கு மறுமொழி இல்லையென்றால் அந்த வரி அச்சுக்குப் போகாது. அதற்காக யாரும் அவரோடு சண்டை பிடித்ததில்லை. கேட்கும் விதம் அப்படி. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்போலக் கேட்பார்.

அவருக்கு ஒரே தம்பி, குகன். வெளிநாடு போவதற்காகக் கொழும்புக்கு வந்து, கௌரியின் வீட்டில் இடம் போதாததால் அதே தெருவில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். ஒரு சுற்றிவளைப்புத் தேடுதலில் படையினர் அவனைக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் அவன் கையிலேயே இருந்தன. இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வாகனத்தில் ஏற்றினார்கள் என்று லொட்ஜ் முதலாளி சொன்னார். கௌரியோடு நானும் அலைந்தேன். நாங்கள் போன எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் முகாம்களிலும், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

வெள்ளவத்தைப் பிள்ளையாரிடம் கேட்டுக் களைத்த பிறகு, எல்லோரும் போவதுபோல அவரும் ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைத் தேவாலயத்து அந்தோனியாரிடம் போனார். அங்கே நேர்த்திக்கடன் வைப்பவர்கள் விருப்பமான ஒன்றை விட வேண்டும். மற்றவர்கள் மீனை விடுவார்கள், இறைச்சியை விடுவார்கள். கௌரி மறுநாள் என்னிடம் சொன்னார்: "நான் சைவம், அண்ணை. விடுறதுக்கு என்னட்ட மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. பால்தான் இருந்தது." தம்பி திரும்பி வரும்வரை பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் ஒன்றும் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவர் ஒரு பால் தேநீர்க்காரி என்பது அலுவலகம் முழுவதற்கும் தெரியும். வெறும் தேநீரும் பனங்கட்டித் துண்டும் அவர் மேசைக்குப் போகத் தொடங்கியபோது, விளையாட்டுப் பக்கம் பார்த்த எங்கள் நண்பர் விஷயம் தெரியாமல், "என்ன கௌரி, மாட்டோட கோபமோ?" என்று பகிடி பண்ணினார். "மாட்டோட எனக்கென்ன கோபம்? அந்தோனியாரோட ஒரு கதை இருக்கு" என்றார் கௌரி. பிறகு விஷயத்தை அறிந்த நண்பர் தானும் சில காலம் வெறும் தேநீர் குடித்தார்.

சில மாதங்கள் போனபின் கௌரி கர்ப்பமானார். கலியாணமாகி நெடுநாள் காத்திருந்து வந்த பிள்ளை. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதிய கணவர் பாலேந்திரா மென்மையான மனிதர், கௌரியின் முடிவுகளில் தலையிடமாட்டார். மற்ற எல்லோரும் தலையிட்டார்கள். பால் குடிக்காவிட்டால் பிள்ளைக்கு எலும்பு வைக்காது என்றார்கள். பிள்ளைக்காகச் செய்யும் பிழையை எந்தத் தெய்வமும் பிழையாக எடுக்காது என்றார்கள். போனவன் போய்விட்டான், வருகிறதைப் பார் என்று ஒருவர் வாய்விட்டே சொன்னாராம். கௌரி அதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. "தம்பிக்கு ஒரு பங்கு, பிள்ளைக்கு ஒரு பங்கெண்டு என்னைப் பிரிச்சுக் கதைக்கினம். இரண்டு பேரையும் நான்தான் சுமக்கிறன். எனக்குப் பயமில்லையெண்டு நினைக்கினமோ?" என்றார்.

கொட்டாஞ்சேனையில் இருந்த டொக்டர் ஃபரீதாவின் பெயரைக் கொடுத்தவன் நான்தான். பாலேந்திராவுக்குக் கடையில் லீவு கிடைக்காத நாட்களில், சோதனைச் சாவடிகளில் பத்திரிகை அட்டை உதவும் என்பதால் நானும் கூடப் போவேன். ராசேஸ்வரி அக்கா எப்போதும் வருவார். டொக்டரின் அறைக்கும் வெளியே நான் உட்கார்ந்திருந்த வாங்குக்கும் இடையில் ஒரு துணித்திரைதான் இருந்தது. உள்ளே பேசுவது முழுக்கக் கேட்கும்.

முதல் நாள் கௌரி நேர்த்தியைச் சொல்லி முடித்தார். டொக்டர், "இது லேசில்ல. ஆனா செய்யலாம். நேர்த்தி உங்கட. அதுல நான் கை வைக்க மாட்டேன். நான் சொல்றதுல நீங்க கை வைக்கக் கூடாது" என்றார். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டார். பயறு, கௌபி, கடலை, சோயா இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு நேரச் சாப்பாட்டிலும் இருக்க வேண்டும். எள்ளும் குரக்கனும் கீரையும் நாளாந்தம் வேண்டும். கீரையோடு தேசிக்காய்ப் புளி விட வேண்டும். சாப்பிட்ட கையோடு தேநீர் கூடாது. இரும்புச் சத்துக்கும் கல்சியத்துக்கும் மாத்திரை. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, இவை எதிலும் இல்லாத ஒன்று இருக்கிறது என்றார். பி பன்னிரண்டு என்ற உயிர்ச்சத்து கீரையிலும் இல்லை, பருப்பிலும் இல்லை. தாயிடம் அது குறைந்தால் தாய்க்கு முதலில் ஒன்றும் தெரியாது, பிள்ளையின் நரம்பில்தான் தெரியவரும். ஆகவே அந்த மாத்திரையை இப்போதிருந்து, பிள்ளை பால்குடி மறக்கும்வரை, ஒரு நாளும் விடக் கூடாது.

கௌரி தன் வழக்கப்படி விசாரித்தார். மாத்திரை எதிலிருந்து செய்வது? மேலே இருக்கும் கூடு எதனால் ஆனது? டொக்டர் சிரித்ததை நான் கேட்டேன். "கூடு உள்ளது மாட்டு எலும்புல செய்றது. சில நேரம் அதவிட மோசம். நானும் கேட்டுத்தான் வாங்குற, முஸ்லிம்கள் எங்களுக்கும் அது பிரச்சினைதானே. உங்களுக்குக் கூடில்லாத வில்லையாத் தாறேன்." அதற்குப் பிறகு கௌரி அவரிடம் ஒன்றையும் இரண்டாவது தடவை கேட்டதில்லை.

ஆறாம் மாதமளவில் ஒரு நாள், டொக்டர் எடை பார்த்து முடித்து, கௌரியை வெளியே இருக்கச் சொன்ன நேரத்தில், ராசேஸ்வரி அக்கா உள்ளேயே நின்றுகொண்டார். பிறகு திரையை விலக்கி டொக்டரே வெளியே வந்தார். கௌரியைத் திரும்ப உள்ளே கூப்பிட்டார்.

"சொல்லுங்க அக்கா. எனக்குச் சொன்னத இவங்களுக்கும் சொல்லுங்க."

அக்கா சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் கௌரிக்கு அவர்தான் உளுத்தங்கஞ்சி காய்ச்சுவார். தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி. அந்தத் தேங்காய்ப்பாலில் இரண்டு கரண்டி பால்மாவைக் கரைத்துவந்திருக்கிறார். தேங்காய்ப்பாலோடு சேர்ந்தால் நிறமும் தெரியாது, ருசியும் தெரியாது. டொக்டர் மெச்சுவார், இரகசியத்தையும் காப்பார் என்று நம்பித்தான் அதைச் சொல்லியிருந்தார்.

டொக்டர் சத்தம் போடவில்லை. "புள்ளைக்கு நல்லதெண்டு நினைச்சுத்தான் செஞ்சீங்க, எனக்கு விளங்குது. ஆனா இவங்கட வாயில போறது என்னெண்டு இவங்களுக்குத் தெரியணும். களவாக் குடுத்தா இனி யார்ட கையால இவங்க நம்பிச் சாப்பிடுற?"

அக்கா அழுதார். திரும்பி வரும்போது கௌரி முச்சக்கர வண்டியைக் கொச்சிக்கடைக்கு விடச் சொன்னார். அக்கா கோயிலுக்குள் வர மறுத்து, மெழுகுதிரி விற்பவர்களின் பக்கத்தில் வெயிலில் நின்றார். நான் வாசலில் நின்றேன். கௌரி உள்ளே போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு முழந்தாளிட்டார். வெளியே வந்ததும், "சொல்லிப்போட்டன் அண்ணை. இண்டையில இருந்து திரும்பவும் நேர்த்தி" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அடுத்த நாள் தொடக்கம் தன் கஞ்சியைத் தானே காய்ச்சினார். அக்காவைக் கண்டித்து ஒரு வார்த்தை அவர் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. உளுந்து ஊறப்போடும் வேலையை மட்டும் அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார் என்று பாலேந்திரா சொன்னார்.

பிள்ளை பிறந்தது. பெண். போதிய எடை, நல்ல அழுகை. பத்தியக் காலம் தொடங்கியதும் வீட்டில் வேறொரு முற்றுகை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க எங்கள் ஊரில் பால்சுறா சமைப்பார்கள், பத்தியத்துக்கென்று இடித்த சரக்குத்தூள் போட்டு. மேல்மாடியில் குடியிருந்த ஒரு அம்மா சட்டியோடு இறங்கி வந்து, "கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடு பிள்ளை, மருந்தெண்டு நினை" என்றாராம். "கண்ணை மூடலாம் அம்மா, மூக்கை என்ன செய்ய?" என்று கௌரி கேட்க, சட்டி பாலேந்திராவிடம் போய்ச் சேர்ந்தது. சரக்குத்தூளை முருங்கையிலையோடும் உள்ளிப்பூண்டோடும் தனக்குச் சமைத்துக்கொண்டார் கௌரி. மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. டொக்டர் ஃபரீதா ஒவ்வொரு மாதமும் பிள்ளையைப் பார்ப்பார். முகம் பார்த்துச் சிரிக்கிறாளா, கழுத்து நிற்கிறதா, கையை நீட்டுகிறாளா என்று சோதிப்பார். கழுத்து நின்ற மாதம் கௌரி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். செய்தி சொல்பவரின் குரலில், "அண்ணை, கழுத்து நிண்டிட்டுது. நான் என்ர கண்ணால கண்டனான்" என்றார். பிள்ளையின் கழுத்துக்காக அந்தப் பெண் இரவு பகல் எவ்வளவு பயந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிள்ளை வளர்ந்தது. பால்குடி மறந்தது. குகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. போர் முடிந்த பிறகும் கௌரி பாலைத் தொடவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பொரளையில் தகனம் முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பினோம். வந்தவர்கள் எல்லோருக்கும் வெறும் தேநீர்தான் கொடுத்தார்கள். அந்த வீட்டில் அன்று வேறெதையும் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ராசேஸ்வரி அக்கா மட்டும், "எனக்குப் பால் விட்டுத் தாங்கோ" என்றார். இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்திருக்க வேண்டும். அவர் என்னைப் பக்கத்தில் இருத்திச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். நான் கண்டதல்ல. ஆனால் நேரில் இருந்தவர் சொன்னது.

குகன் வராமல் போனது தன் கஞ்சியால்தான் என்று அக்கா நம்பியிருக்கிறார். பால்மா கலந்து நேர்த்தியைக் குலைத்த நாட்களில்தான் அவனுக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. தானும் பாலை விட்டார். பிறகு ஒரு நேரச் சாப்பாட்டையும் விட்டார். மெலிந்துகொண்டே போனார். கேட்டவர்களிடம் வயிற்றுக்குச் சரியில்லை என்றார். பிள்ளை நடக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு பின்னேரம், கௌரி கடைக்குப் போய்ப் பசும்பால் வாங்கிவந்தார். அந்த வீட்டு அடுப்பில் அவர் பால் வைத்து நெடுங்காலம். பொங்கவிட்டு இறக்கி, சீனி போட்டு ஆற்றி, அக்காவின் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

"நீங்கள் இதை என்னத்துக்காக விட்டனீங்களெண்டு எனக்குத் தெரியும், மச்சாள். தம்பியைக் கொண்டுபோனவை துவக்கோட வந்தவை. நீங்கள் கரண்டியோட வந்தனீங்கள். இரண்டும் ஒண்டில்லை. குடியுங்கோ."

அக்கா குடித்து முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றாராம். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கப் போனாராம். அதற்கப்புறம் அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எதற்கும் பொறுப்புச் சொல்ல ஆளில்லாத காலத்தில் செய்தி எழுதியவன் நான். கோபத்தைக் காட்ட எட்டிய இடத்தில் யாரும் இல்லாதபோது, பக்கத்தில் இருப்பவர்மேல் அது எப்படி இறங்கும் என்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். கௌரிக்கு மிகப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். குற்றத்தை ஒத்துக்கொண்டவர், தண்டனைக்குத் தயாராக இருந்தவர். தம்பியின் பழியை அவர்மேல் வைத்திருந்தால் கௌரியின் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். அவர் வைக்கவில்லை. தான் தொடாத பாலைத் தன் கையால் காய்ச்சிக் கொடுத்து, அந்தப் பாரத்தைத் தன்னிடமே திரும்ப எடுத்துக்கொண்டார். கௌரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்.